ஆயிரத்து இருநூற்றில் ஒரு காசு

காசைச் சுற்றியிருந்த கறுப்பில் ஓர் ஓரம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. ஸாவித்ரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். ஸ்கேனரின் மூடியைத் திறந்தே வைத்து, ஜன்னலை அடைத்து, விளக்கை அணைத்துவிட்டால் காசுக்குப் பின்னால் சுத்தக் கறுப்பு விழும் என்பது கணவர் வேங்கடேசன் சொல்லிக்கொடுத்த வழி. பகல் பதினொரு மணிக்கு ராஜபாளையத்து வீட்டை இருட்டாக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

அவர் பக்கத்து அறையில் கிடந்தார். ஏழு மாதமாக அந்தக் கட்டில்தான். தான் சேர்த்த நாயக்கர் காலத்துச் செப்புக்காசுகளைப் பழங்காசு சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் நாலு பேர் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்பார். சுவருக்கு அப்பால் அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டே இவளுக்கு நாள் கழிந்தது. அது நின்றுவிடுமோ என்று பயம். நிற்காமலே இழுத்துக்கொண்டு கிடந்தால் என்ன செய்வது என்ற அலுப்பும் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, தூக்கம் கெட்ட உடம்புக்கு நியாயம் தெரியுமா?

குழுவை நடத்தும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனார்த்தன் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார்.

“முந்நூறு டிபிஐல எழுத்து தெளியல மதினி. அறுநூறு வச்சுப் பாருங்க. அனுப்பும்போது சின்னதாக்கிக்கிடலாம்.”

ஸ்கேனரின் துல்லியத்தை அறுநூறுக்கு ஏற்றி வைத்தாள். ஸ்கேனர் முனகிக்கொண்டே நகர்ந்தது. மலைச் சாரலில் ஊறிய சுவரின் பூஞ்சை வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் அடைத்த அறைக்குள் சேர்ந்து குமட்டின. திரையில் அந்தச் சாம்பல் இப்போது ஒரு நெற்றியாகியிருந்தது. குனிந்து பார்த்த தன் முகம்தான் விழுந்திருக்கும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஆயிரத்து இருநூறு. கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் எறும்பு போல ஊர்ந்தது. படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. நெற்றி. மூடிய கண்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி.

வேங்கடேசன்.

அவர் நெற்றியில் ஒரு கை காசை அழுத்திக்கொண்டிருந்தது. செத்தவர்களுக்குச் சந்தனம் குழைத்து ஒட்டுகிற மாதிரி. கையின் மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு.

அது அவளுடைய கை.

ஸ்கேனரைப் பார்த்தாள். கண்ணாடி வெறுமையாக இருந்தது.

சுவருக்கு அப்பால் மூச்சு கேட்டது. அப்பாடா, இருக்கிறார். ஓடினாள்.

இருந்தார். கண் திறந்திருந்தது. தாடைக்கட்டு உச்சந்தலையில் முடிச்சிடப்பட்டிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டிக் கிடந்தன. நெற்றியில் செப்புக்காசு.

வாயைத் திறக்க முடியாமல் கட்டுக்குள்ளிருந்தே பேசினார்.

“இன்னும் மூச்சு இருக்கு ஸாவித்ரி. கைய எடுட்டி.”

அப்போதுதான் பார்த்தாள். அவள் விரல்கள் காசின் மேல் இருந்தன. சந்தனம் ஈரமாக, குளிர்ந்து ஒட்டியது.

எடுக்கத்தான் நினைத்தாள். கை அழுத்தியது.