சைலஸிடம் யார் சொல்வது?

தேன் பாட்டிலின் மூடி இறுகிப்போயிருந்தது. அப்பா ஏசுராஜ் துணியைச் சுற்றித் திருகித் திறந்தார். ரொட்டியில் தேனைத் தடவிக்கொண்டே பழைய கதையைத் தொடங்கினார்.

அவர் சிறுவனாக இருந்தபோது தாத்தாவுக்கு இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் டாக்டர் வேலை. அங்கே விடியுமுன் வாசலில் பால் பாட்டில் வந்துவிடும். சின்னப் பறவைகள் மூடியைக் கொத்தி மேலே படிந்த பாலாடையைக் குடித்துவிடும். பக்கத்து வீட்டு ஹாப்ஸ் குடும்பம் தேனீ வளர்த்தது.

"மிஸ்டர் ஹாப்ஸ் செத்துப்போன அன்னிக்கு, அவர் மனைவி நேரா தேனீப் பெட்டிகிட்ட போனாங்க. சாவியால மெல்லத் தட்டி, 'அவர் போயிட்டார், நான் இருக்கேன், நீங்க போயிடாதீங்க'ன்னு சொன்னாங்க. வீட்டுல சாவு நடந்தா தேனீகிட்டயும் சொல்லணுமாம். மறைச்சா எல்லாம் பறந்து போயிடுமாம்."

"ரியலி? தேனீக்குப் பேசத் தெரியுமா?" என்றான் வெளிநாட்டிலேயே பிறந்து வளரும் ஐந்து வயது சைலஸ்.

"உன்ன மாதிரிதான்டா. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்லும்!"

அவன் அக்கா ஷைனா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. அப்பா அவள் தலையில் தட்டிவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

அன்று ஆபீஸிலேயே மாரடைப்பு. அவர் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடியும்வரை சைலஸை எதிர்வீட்டுச் சண்முகப்ரியா ஆன்ட்டி தன் வீட்டில் வைத்துக்கொண்டார். "சின்னப் பையன், ஜெபராணி. அப்பா இந்தியா போயிருக்காருன்னு சொல்லிடுங்க. அப்புறம் மறந்துடுவான்," என்றார் அம்மாவிடம். அம்மா தலையாட்டினாள்.

சைலஸ் மறக்கவில்லை. கார் நிறுத்தும் கராஜின் கதவுப் பக்கத்தில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு அதற்குள் உட்கார்ந்துகொண்டான். தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் தலையை நீட்டுவான். பிறகு உள்ளே இழுத்துக்கொள்வான். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஷைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பதினொரு வயது. அவளாலேயே தாங்க முடியவில்லை.

ஒரு மாலை பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, நான் அப்பா லேப்டாப்ல ஜூஸ் கொட்டிட்டேன். அதான் பை-பை சொல்லாம போயிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லடா."

"சாரி சொன்னா வருவாங்களா?"

ஷைனா சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அவனாலதான் அப்பா போயிட்டாங்கன்னு நினைக்கிறான். சொல்லிடலாம்மா."

"எப்படி மக்கா சொல்லுவேன்? எனக்கே நான் இன்னும் சொல்லிக்கல." அம்மா குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

ஷைனா குழாயை மூடினாள்.

தேனீக்குக்கூடச் சொன்னார்கள். சைலஸுக்கு யாருமே சொல்லவில்லை.

அவள் கராஜ் பக்கம் போய் மண்டியிட்டு, அட்டைப் பெட்டியை விரலால் மெல்லத் தட்டினாள்.

"யாரு?"

"ஷைனா. சைலஸ், அப்பா இந்தியா போகல. அப்பாவோட ஹார்ட் நின்னுபோச்சு. அப்பா செத்துட்டாங்க. இனி வரமாட்டாங்க."

சைலஸ் பெட்டியிலிருந்து தலையை நீட்டினான்.

"அப்பாவுக்கு என்மேல கோவமா?"

"ஒரு துளிகூட இல்ல. அந்த ஜூஸ் கதைய ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சாங்களாம். நான் இருக்கேன். அம்மா இருக்காங்க. நீ போயிடாத."

சைலஸ் வெளியே வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டு அழுதான். கேட்டு ஓடிவந்த அம்மா இருவரையும் சேர்த்து அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போனதிலிருந்து அம்மா வாய்விட்டு அழுதது அப்போதுதான். மூவரும் ஓயும்வரை அழுதார்கள். அழுததால் எதுவும் சரியாகிவிடவில்லை.

"பசிக்குது," என்றான் சைலஸ்.

அம்மா எழுந்து போய்த் தோசை வார்த்தாள். சைலஸ் எப்போதும்போல மொறுமொறு ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு, நடுப்பகுதியை அக்காவின் தட்டில் வைத்தான்.