சோதனை நடை

காலை ஆறரை ஆனால் கோவையின் அந்தப் பதினெட்டு மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிடரியில் நினைவுப்பட்டையை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒரு மணி நேரம் மலையேறுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் சிற்றரசு மட்டும் அடுப்படியில் நின்றபடி, மனைவி வடிவின் கால்விரல்கள் அசைவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான்.

காடுகளை மனிதருக்கு மூடி முப்பது வருடமாகிறது. ஒரு குடியிருப்புக்கு ஆண்டுக்கு ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. அந்த நடையர் வால்பாறையிலிருந்து அகத்தியமலை வரை நாற்பத்தைந்து நாள் நடப்பார். அவருடைய அன்றன்றைய நடைப்பதிவு மறுநாள் காலை இருநூற்று நாற்பது வீடுகளுக்கும் வந்துவிடும். இந்த வருடம் ஒன்பதாம் மாடி எழிலன். ஆள் தென்னைமரம் மாதிரி வளர்ந்தவன்; போதாததற்குக் கல்யாணமும் ஆகாதவன்.

பட்டையைக் கழற்றியதும் வடிவு எழிலன் புராணம்தான் பாடுவாள். அவருக்குத் தண்ணீர் என்றால் பயமாம், இருந்தும் ஓடையில் இறங்கிவிட்டாராம். அவர் சர்க்கரையில்லாமல் டீ குடிக்கிறார் என்று சொன்னவள், ஒரு வாரத்தில் தானும் சர்க்கரையை விட்டுவிட்டாள். பதினைந்து வருடமாகக் கணவன் போட்டுக் கொடுத்த டீயில் மூன்று கரண்டி கேட்டவள் அவள். சிற்றரசுக்கு வயிறு எரிந்தது. தலைவலி என்று சாக்குச் சொல்லி அவன் ஒருநாளும் பட்டையைப் போட்டதில்லை. எவனோ ஒருவன் காலால் நான் நடப்பதா என்ற வீம்பு.

அடுத்த வருட நடையர் நான்தான் என்று ஒருநாள் முடிவெடுத்து விண்ணப்பித்தான். பதிவுக்கருவியை நெற்றியில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியைச் சுற்றி மூன்று நாள் சோதனை நடை நடக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி. சிற்றரசு சுற்றினான். சுற்றுக்குச் சுற்று எழிலனைத் திட்டினான், அவனைப் பற்றிப் பேசும்போது மலரும் வடிவின் முகத்தை நினைத்துக் குமைந்தான். கண்ணும் காலும்தான் பதிவாகும் என்பது அவன் நினைப்பு. மனமும் சேர்ந்தே பதிவாகும் என்பது பட்டை போட்ட எல்லோருக்கும் தெரியும். போடாதவனுக்கு யார் சொல்வது?

நான்காம் நாள் வடிவு அதைப் போட்டுக்கொண்டாள். பத்து நிமிடத்தில் அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் ஒரு மணி நேரமும் பொறுத்திருந்துதான் கழற்றினாள்.

“இத்தனையும் மனசுல வெச்சுக்கிட்டா எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க?”

விஷயம் விளங்கியதும் சிற்றரசு கூனிக் குறுகிப்போனான்.

“எனக்கு எழிலன் வேண்டாமுங்க. நடக்கோணும், அவ்வளவுதான். மேக்கால மலை தெரியுது. மூணு நாள்ல நீங்க ஒருக்காகூட அந்தப் பக்கம் பாக்கலை.”

அவள் கையெழுத்திடவில்லை. மறுநாளே தன் பெயரில் விண்ணப்பித்து, மூன்று நாள் மொட்டைமாடியில் நடந்தாள். கையெழுத்திட வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான். வாழ்க்கையில் முதன்முறையாகப் பட்டையை ஒட்டிக்கொண்டான்.

அவளுக்குள் எழிலனைத் தேடினான். இல்லை. அப்பாடா என்று தன்னைத் தேடினான். தானும் இல்லை. காற்று இருந்தது, பசி இருந்தது, இடதுகால் சுண்டுவிரலில் ஒரு வலி இருந்தது. மேற்கே நீலமாக மலை. அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு லேசானது. தன் பக்கத்தில் அவள் இத்தனை லேசாக ஒருநாளாவது இருந்திருப்பாளா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆள் மேல் பொறாமை என்றால் சண்டைக்காவது போகலாம். மலையிடம் போய் என்ன கேட்பது? அடுத்த வருடம் இந்த நெஞ்சு இருநூற்று நாற்பது வீட்டுக்கும் போகும். புருஷன் என்று அவனுக்குத் தனிப் பங்கு கிடையாது.

பட்டையைக் கழற்றினான். வடிவு விண்ணப்பத் தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்தாள். அவன் கையெழுத்து இல்லையென்றால் அவளுக்கு மலை இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

தாளை இழுத்துவைத்துக் கையெழுத்திட்டான்.

“இடது ஷூ சுண்டுவிரலைக் கடிக்குது வடிவு,” என்றான். “போறதுக்கு முன்னால வேற வாங்கிக்க.”