வராதவர் எவருமில்லை

போன் அடித்தது.

தலைமை ஆசிரியர் ராஜமாணிக்கம் எடுக்கத் தயங்கினார். ஐந்து நாளாக இப்படித்தான்... பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்; எந்தச் சத்தம் கேட்டாலும் வாசலைப் பார்க்கிறார்.

ஆசிரியர் சின்னையனை வெள்ளாற்றில் தள்ளிவிட்ட நாளிலிருந்து!

"சார், கடலூர் கல்வி ஆபீஸ்லேருந்து ஜெயராணி பேசுறேன். வருகைப் பதிவேட்ட எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

இல்லாத பிள்ளைகளுக்கு வருகை போட்டு, சத்துணவு அரிசியை விற்கிறார் என்று மேலிடத்தில் சொல்லப்போவதாக மிரட்டினான் சின்னையன். சாவதற்கு முன்பே சொல்லிவிட்டானோ? புவனகிரியில் பஸ் ஏறியவருக்குக் கடலூர் வரும்வரை வியர்வை அடங்கவில்லை.

ஜெயராணி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். பக்கத்தில் வெற்றிலை மென்றபடி ஒரு தொப்பைக்காரர்.

"பயப்படாதீங்க சார். எந்த ஊர்ல பிள்ளைங்க ஜாஸ்தி லீவு போடுதுங்கன்னு பாக்குறோம். அத வச்சுதான் பஸ், ஹாஸ்டல் எல்லாம் முடிவு பண்ணப் போறாங்க. உங்க ஸ்கூல்ல மட்டும் ஒரு ஆப்சென்ட்கூட இல்லியே, எப்படி?"

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது.

"எல்லாம் கண்டிப்புதாம்மா."

அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"மூணாந்தேதி புதன்கிழமைகூட நூத்தி எண்பத்தாறு பேரும் வந்திருக்காங்க..."

சின்னையன் செத்த நாள்!

ஒன்றாம் தேதியே வீட்டில் உட்கார்ந்து மாதம் முழுவதற்கும் வருகை போட்டு வைப்பது அவர் வழக்கம். நல்லவேளை... இன்று அதுவே காப்பாற்றும்.

"ஆமா. நானே பேர் கூப்பிட்டேன். சாயந்தரம் வரைக்கும் ஸ்கூல விட்டு நகரல."

"நல்லா ஞாபகம் இருக்கா?" தொப்பைக்காரர் கேட்டார்.

"சத்தியமா சார்."

"சொந்த ஊரு?"

"நாமக்கல். இங்க வந்து ஆறு மாசம்தான் ஆவுது."

"அதான்." ஜெயராணி பதிவேட்டை மூடினாள். "அன்னைக்கு சிதம்பரத்துல ஆருத்ரா தரிசனம் சார். ஜில்லா முழுக்க லோக்கல் லீவு. ஒரு பள்ளிக்கூடமும் தொறக்கல."

பிரிக்காமலே மேஜையில் போட்டு வைத்த சுற்றறிக்கை ராஜமாணிக்கத்தின் நினைவுக்கு வந்தது. அன்று அவர் பள்ளிப் பக்கமே போகவில்லை.

தொப்பைக்காரர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் இன்ஸ்பெக்டர் ஆரோக்கியராஜ். ஆத்தங்கரையில உங்களப் பாக்கப் போறேன்னு சம்சாரத்துகிட்ட சொல்லிட்டுதான் சின்னையன் கெளம்பியிருக்காரு."

"சார்... எனக்கு என்ன ஆவும்?"

"ஒண்ணும் புதுசா ஆவாது. ஜெயில்லயும் தெனம் பேர் கூப்பிடுவாங்க. லோக்கல் லீவுதான் கெடையாது."