ஊசி காட்டாத சூடு

நுரைச்சோலையில் ஸஹ்றாவின் வீட்டு வெங்காயத் தோட்டத்தில் இருபது பாத்திகள். எஞ்சின் இறைத்துத் தெளிக்கும் தண்ணீர் பதினெட்டுப் பாத்திவரைதான் எட்டும். மிச்ச இரண்டுக்கும் ஸஹ்றா பூவாளியில் தண்ணீர் சுமந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பதினாறு நடை.

அதனால் அண்ணன் முபாரிஸ் நானா எஞ்சினில் கைவைத்தபோது அவளுக்குத்தான் பெரிய மகிழ்ச்சி.

நானா, தண்ணீர் இன்னும் தூரம் எட்ட, டீசல் அளவைக் கூட்டும் திருகை ஒரு சுற்றுத் திருப்பினார். புகைக்குழாயின் நுனியில் துளையிட்டு ஊசி வைத்த வெப்பமானி ஒன்றைப் பூட்டினார்.

“இது எதுக்கு நானா?”

“டீசல் கூடினா புகை சுடும். ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டினா பிஸ்டன் உருகும். பிறகு எஞ்சின் இல்ல.”

“எஞ்சின் இல்லாட்டி?”

“இந்த மணலில வெங்காயம் மூணு நாள் தாங்குமா? நீயே சொல்லு.”

எஞ்சின் ஓடியது. தண்ணீர் உயர்ந்து இருபதாம் பாத்தியில் மழைபோல் விழுந்தது. ஊசி சிவப்புக்கு வெகு கீழே நின்றது.

“எப்பிடி?” என்றார் நானா.

ஸஹ்றா கை தட்டினாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். ஏதோ கருகும் வாடை. எஞ்சினுக்குப் பக்கத்தில் புகைக்குழாயின் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

“நானா, இங்க பாருங்க.”

“அது பழைய பெயின்ட் புள்ள. ஊசியப் பாரு. முந்நூறுதான்.”

பேசாமல் இருந்தால் நாளைக்குப் பூவாளி இல்லை. ஸஹ்றா இருபதாம் பாத்தியை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாளித் தண்ணீரில் விரல்களை நனைத்தாள்.

ரொட்டி சுடும் தட்டின் சூட்டை அவள் அப்படித்தான் பார்ப்பாள். எட்ட நின்று, வெப்பமானிக்குப் பக்கத்தில் தெளித்தாள். துளிகள் ‘ஸ்ஸ்’ என்று காய்ந்தன. எஞ்சினுக்குப் பக்கத்தில் தெளித்தாள். துளிகள் காயவில்லை. முத்து முத்தாக உருண்டு, துள்ளி, கீழே விழுந்தன.

“நானா, தட்டு கூடக் காய்ஞ்சாத்தான் துளி இப்பிடி உருளும். ரொட்டிய அங்க போட்டா வேகும். இங்க போட்டா கரிதான்.”

“எஞ்சினிலயா ரொட்டி சுடப்போறாய்?”

நானா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவரும் தெளித்துப் பார்த்தார். இரண்டு தரம். உடனே எஞ்சினை நிறுத்தினார்.

“துளை போட லேசெண்டு நுனியில பூட்டிட்டன். சூடு வழியில குறைஞ்சுதான் அங்க வருது.”

குழாய் ஆறியதும் எஞ்சினுக்குப் பக்கத்தில் வேறு துளையிட்டு, வெப்பமானியை அங்கே மாற்றினார். எஞ்சின் மீண்டும் ஓடியது. ஊசி ஏறியது. சிவப்பைத் தொட்டது. தாண்டியது.

நானா பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார்.

அவர் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினார். எஞ்சினை மறுபடி ஓடவிட்டார். இப்போது ஊசி சிவப்புக்குக் கீழேயே நின்றது. தண்ணீர் பதினெட்டாம் பாத்தியோடு நின்றது.

“வாப்பாக்குச் சொல்லப்போறியா?”

“நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நீங்க ரொட்டிக்குச் சிரிச்ச கதையும் வரும்.”

ஸஹ்றா பூவாளியை எடுத்தாள். நானா இன்னொன்றை எடுத்தார். நாலாவது நடையில் அவர் நின்று மூச்சு வாங்கினார்.

“இதையா நீ ஒவ்வொரு நாளும் தனியா சுமக்கிறாய்?”

“ஓம்.”

நானா அவள் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு நடந்தார்.