வயிற்றுக்குள் ஓடிய கடிகாரம்

சூரியனே என் கடையில் நேரம் பார்த்துவிட்டுத்தான் மறையும், ஒருநாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டதால் நாலு நிமிடம் வானத்தில் திகைத்து நின்றது என்று சொல்லித் திரிபவர் அந்த ஓய்வுபெற்ற கடிகார ரிப்பேர்க்காரர். அவர் பேச்சை யார் நம்புவார்கள்? பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், மனைவியின் வயிற்றுக்குள் ஏதோ டிக் டிக்கென்று ஓடுகிறது என்றார். அவள் தம்பி சிரித்தான்.

"அக்கா வயித்துல அலாரம் வெச்சுத் தச்சுட்டாங்களா மாமா?"

ஆனாலும் ஸ்கேன் அறை வாசலில் காலை ஒன்பதிலிருந்து மூவரும் காத்திருந்தார்கள். பினாயில் வாடை, சக்கர நாற்காலிகளின் கிறீச்சொலி, எங்கோ ஒரு குழந்தையின் ஓயாத அழுகை. அத்தனைக்கும் அடியில், அவள் போர்வைக்குள்ளிருந்து, சன்னமாக, விடாமல் அந்தச் சத்தம்.

"சுவர்க்கடிகாரமா இருக்கும்" என்றான் மைத்துனன்.

சுவரில் டோக்கன் எண் காட்டும் பலகைதான் இருந்தது.

எந்தக் கடிகாரத்தையும் படுக்கவைத்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை கேட்பது அவர் தொழில் பழக்கம். நேற்று அவள் படுத்திருந்தபோது சீராக ஓடியது. இங்கே உட்காரவைத்ததும் நடை தளர்ந்துவிட்டது. ஸ்பிரிங் அவிழ்ந்து முடியப்போகும் நடை.

"நாப்பது வருஷம் கடையில கேட்டது உங்க காதுலயே தங்கிடுச்சு" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நின்னாத்தான் என்ன? நீங்க பார்த்துக்க மாட்டீங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தை விரல்களால் திருகினார். இதற்கு எங்கே சாவி கொடுப்பது?

மூன்று மணிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து பொறுமையாகச் சொன்னார்: "உள்ளே ஒண்ணுமே இல்லைங்க. தையல் நல்லா ஆறிட்டு வருது. ரிப்போர்ட் வாங்கிட்டுக் கிளம்பலாம்."

"பார்த்தீங்களா மாமா..." என்று தொடங்கிய மைத்துனன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மறுபடி உட்கார்ந்தார்கள். டிக். நெடிய இடைவெளி. டிக். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ இருமினார்கள். அவள் ரிப்போர்ட் வரும் கதவையே பார்த்திருந்தாள், சிரித்த முகமாக.

டிக்.

காத்திருந்தார்.

அடுத்தது வரவில்லை.

அவள் பார்வை கதவைவிட்டு நகரவில்லை. சிரிப்பும் கலையவில்லை. கை மட்டும் அவர் கைக்குள் கனத்தது.

மைத்துனன் இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தான். மெல்லக் கைகளை எடுத்தான்.

"கேட்டுச்சு மாமா. காலையிலேர்ந்து எனக்கும் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு." அக்காவின் முகத்தைப் பார்த்தான். "இப்ப ஏன் நின்னுடுச்சு?"