சலவைமேட்டுக் கேணி

குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டையைச் சுற்றி ஈரம் காயவே இல்லை. நாலு நாளாக அங்கே ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை என்றாள் சுகாசினி. ஏழு மாத வயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லை, இந்த நாற்றம் போகாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று டாக்டரம்மா திட்டினாராம்.

"ஊரு சாக்கடை பூரா அடைப்பு எடுத்துக்கினு கீற. பெத்த பொண்ணு வூட்டுக்கு வான்னா நாலு நாளு டிமிக்கி குடுக்கிறியேப்பா."

அப்பன் முனிரத்தினம் ஓட்டைப் பக்கம் குனிந்து முகர்ந்தான். மாநகராட்சித் துப்புரவு வேலையில் ஊறிய மூக்கு அவனுடையது. மலம், செத்த நாய், மீன் கழிவு என்று கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லும். இது அதிலெல்லாம் சேராது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கையில் புழுவின் பசை கரைந்து வருமே ஒரு தண்ணீர், அது வருஷக்கணக்காக இருட்டில் கிடந்து அழுகிய நாற்றம். தித்திப்பும் அழுகலும் கலந்து, மூச்சு விட்டால் நாக்கில் படிந்தது.

இந்த அடுக்குமாடி நிற்கிற இடம் பல வருஷத்துக்கு முன் சலவைமேடு பேரூராட்சி. சாயப்பட்டறைகள் அந்தப் பசைத் தண்ணீரை ஒரு செங்கல் கேணியில்தான் விட்டன. ஊரைக் காஞ்சிபுரத்தோடு சேர்க்குமுன் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்ததால், கேணியைத் தூர்வாரச் சொன்னார் பேரூராட்சித் தலைவர். கூட வேலை செய்த கமல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். மேலே கயிறு பிடித்தவன் முனிரத்தினம். உள்ளே இருப்பவன் குரல் கேட்காது; ரெண்டு இழுப்பு இழுத்தால் தூக்கிவிட வேண்டும், அதுதான் தொழில்முறை. ரெண்டு இழுப்பு வந்த நேரம் பார்த்து அதிகாரிகளின் ஜீப்பும் வந்தது. ஆளை உள்ளே இறக்கியது தெரிந்தால் எல்லாருக்கும் சோறு போய்விடும், மூடியைப் போட்டு மேலே நில்லு என்றார் தலைவர். நின்றான். வந்தவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை நின்றான். காலுக்கடியில் கேட்ட தட்டல் பாதியிலேயே ஓய்ந்துபோனது.

கமலின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவனை வெளியே எடுக்காமலே கேணிமேல் கான்கிரீட் போட்டார்கள். ஊர் பேர் போய் வார்டு நம்பர் வந்தது, முனிரத்தினத்துக்கு நிரந்தர வேலை வந்தது. மாப்பிள்ளை இங்கே தரைத்தளத்தில் வீடு வாங்கியபோது, வேண்டாம் என்று சொல்ல முனிரத்தினத்திடம் காரணம் இருந்தது. வாய்தான் இல்லை.

அடைப்பு எடுக்கிற நீள மூங்கில் பிளாச்சை ஓட்டைக்குள் விட்டான். பத்தடி. பதினைந்தடி. எங்கேயும் முட்டவில்லை. குழாய் வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நேரே இறங்கியது. கட்டியவன் அதை எதில் கொண்டுபோய் விட்டிருக்கிறான் என்று மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிட்டது.

கீழே ஏதோ பிளாச்சைப் பிடித்தது.

ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

தூக்காதே என்றது மனசு. தொழில் பழகிய கை அது. தூக்கிவிட்டது.

வெள்ளைப் பசை வழவழவென்று மூங்கிலோடு ஏறி வந்தது. அதில் முடி. நகம். தோல்.

"இன்னாப்பா அது?" வெறுங்காலோடு உள்ளே வந்துவிட்டாள் சுகாசினி.

"வெளிய போம்மா."

"காலு ஒட்டிக்கினு வர மாட்டேங்குதுப்பா."

ஓட்டை நாலங்குலம்தான். வேகவைத்த பட்டுக்கூடுபோல் வெளுத்து, எலும்பே இல்லாமல் நெகிழ்ந்த ஒரு கை அதிலிருந்து வந்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். அது முனிரத்தினத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சுகாசினியின் கணுக்காலைப் பற்றி, முழங்காலைப் பற்றி, பிடித்து ஏற ஒரு பிடி கிடைத்தவனைப்போல், அவசரமே இல்லாமல் அவள் வயிற்றை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.