பலகைக்கு அந்தப் பக்கம்

மூணாறு மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். கதவைத் தட்டாது. கூரை இடுக்கில் நுழைந்து, அடுப்புப் புகையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போய்விடும்.

இந்த மழைக்காலத்தில் சுருளியின் வீட்டுக்கு அது ஒன்றுதான் விருந்தாளி.

அவள் அம்மா சாந்தம்மாளுக்கு மார்பில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். இனி ‘கரண்ட்’ வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. அதற்கு ஒரு மெஷின் இருந்தது. அதன் கீழே, வலக் கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் படுக்க வேண்டும்.

அம்மாவின் கையோ தோளுக்கு மேல் எழும்பவில்லை.

“தினமும் ரெண்டு விரலால் நடக்கிற மாதிரி சுவரில் ஏறுங்க. கை தூக்க வந்தால்தான் கரண்ட் வைக்க முடியும். மாசக் கடைசியில் வாங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மா ஏறினாள். வலித்தது. நிறுத்திவிட்டாள்.

அப்பா தேயிலை பேக்டரிக்குப் போனபிறகு வீட்டில் அம்மாவும் சுருளியும்தான். தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அது கூரையைத் தொடாது, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். முன்பெல்லாம் அதன் மேலாகக் குழம்புக் கிண்ணம் வரும், வம்பும் வரும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபிறகு எதுவும் வரவில்லை.

“அம்மா, இங்க பாரு” என்றாள் சுருளி. பலகையில் மரத்தின் வரிகள் மலை மலையாக ஓடின. “இது நம்ம மலை. உன் ரெண்டு விரலும் கொழுந்து கிள்ளப் போற ரெண்டு அக்கா. இந்த வட்டம் குளம். இன்னைக்குக் குளம் வரைக்கும் போவோம்.”

அம்மா சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். டொக், டொக். பாதி மலையில் நின்றுவிட்டாள்.

“அக்காமாருக்குக் கால் வலிக்குதாம். வீட்டுக்குத் திரும்பிட்டாங்க.”

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, டமார்!

“சீ, எலி! ஓடு அங்கிட்டு!”

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் அத்தையின் குரல். கையில் கரண்டி இருக்க வேண்டும்.

அம்மா சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. “மதினிக்கு நான் இங்க இருக்கறதே மறந்துபோச்சு” என்று சொல்லி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சுருளி எழுந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள்.

“அத்தை, அது எலி இல்ல. அம்மா விரலு.”

கரண்டி கீழே இறங்கியது. சுருளி எல்லாவற்றையும் சொன்னாள்.

“கை தூக்க வரலைன்னா?”

“கரண்ட் வைக்க மாட்டாங்களாம்.”

அத்தை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஏட்டி, கேக்கேன்னு கோவிச்சுக்காத. அந்த நோவு அடுத்தவுகளுக்கும் வந்துடுமாமே? லயமே பேசுது.”

சுருளி யோசித்தாள். “நான் அம்மா கம்பளிக்குள்ளதான படுக்கேன்? எனக்கு ஒண்ணும் வரலையே?”

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். “வாய் வந்திருக்கு” என்றாள். பிறகு, “சரி, நான் என்ன செய்யணும்?”

“தட்டணும். அம்மா விரலுக்குக் கொஞ்சம் மேல.”

அன்று சாயங்காலம் பலகை பேசியது. டொக், டொக்.

“எலியா?” என்றாள் அம்மா.

“தொட்டுப் பாரு.”

அம்மா விரலை வைத்தாள். பலகை மெல்ல அதிர்ந்தது. தட்டல் மேலே நகர்ந்தது, மரத்துக்குள் ஒரு பறவை கிளை மாறி உட்கார்வதுபோல. விரல்களும் அதன் பின்னாலேயே போயின. குளத்தைத் தாண்டியதை அம்மா கவனிக்கவே இல்லை.

மறுநாள் தட்டியது வேறு கை. அதில் வளையல் குலுங்கியது. அதற்கு மறுநாள் ஒரு கை தட்டிவிட்டு இருமியது.

“கடைசி வீட்டுக் கத்தரீனாள்!” என்றாள் அம்மா. “அந்த இருமல் எனக்குத் தெரியாதா?”

என்ன பேசுவதென்று அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. தட்டுவது எளிதாக இருந்தது. சில நாள் வலி தாங்காமல் அம்மாவின் விரல் நின்றுவிடும். அப்போது அந்தப் பக்கத் தட்டலும் இறங்கி வந்து, அதே இடத்தில் அவளோடு நிற்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் தட்டல் ஏறிக்கொண்டே போனது. அம்மாவின் விரல்களும் பின்னாலேயே ஏறின. பலகையின் விளிம்பு வந்தது. அதற்கு மேல் மரம் இல்லை.

விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன. பிறகு விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டின.

“புடிச்சுட்டேன்!” என்று கத்தினாள் சின்னத்தாய் அத்தை. அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. ஏதோ முக்காலி கவிழ்ந்தது.

“மதினி, கையை விடுங்க. வலிக்குது.”

“விடமாட்டேன். எத்தன நாளைக்குப் போத்திக்கிட்டுக் கெடப்ப? நாளைக்கு ஜீப்புல நான் உங்கூட வாரேன். அடுத்த தடவை கத்தரீனாள் வருவா. எல்லாம் பேசியாச்சு.”

“யாரைக் கேட்டுப் பேசினீங்க?”

“உன் மககிட்டத்தான். அதான் அவ்வளவு வாய் வச்சிருக்காளே! ரொம்ப வலிச்சா நீயே விட்டுக்கோ.”

சுருளி அண்ணாந்து பார்த்தாள். அம்மாவின் கை தலைக்கு மேல் நேராக நின்றது. கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது.

அம்மா விடவில்லை.